நெடுவில் வேட்டைக்கு அம்பைத் தேர்ந்தெடுத்து வில்லோடு ஒத்துவரச் செய்வது எப்படி?

நெடுவில்லுக்குப் புதியவர்கள் பெரும்பாலும் பணத்தையும் கவனத்தையும் வில்லின் மீதே செலவிட்டுவிட்டு, கடைசியில் கடையில் எது கிடைக்கிறதோ அந்த அம்பில் ஒரு டஜன் வாங்கிக்கொள்கிறார்கள். கப்பிகள் பூட்டிய நவீன காம்பவுண்ட் வில்லில் இது ஓரளவு செல்லும். அதில் அம்பு தாங்கியை இடமும் வலமும் நகர்த்தலாம், இழுவிசையைக் கூட்டிக் குறைக்கலாம். நெடுவில்லிலோ கைப்பிடிக்கு மேலே செதுக்கிய சிறிய தட்டின் மீது அம்பு நேராக உட்காருகிறது. அந்தத் தட்டின் பக்கச்சுவர் பெரும்பாலான நெடுவில்களில் வில்லின் நடுக்கோடு வரை வெட்டப்படுவதில்லை. ஆகவே வலக்கையால் நாண் இழுப்பவரின் அம்பு, நாணில் பூட்டிய நிலையிலேயே இலக்குக்குச் சற்று இடப்பக்கம் நோக்கி நிற்கும். வில்லில் மாற்றக்கூடியது மிகக் குறைவு என்பதால், மாற்றங்களை எல்லாம் அம்பில்தான் செய்தாக வேண்டும். சுமாரான வில்லுக்குப் பொருத்தமான அம்பை வைத்திருப்பவர், விலையுயர்ந்த வில்லில் பொருந்தாத அம்பைப் பூட்டியவரைவிட நன்றாக எய்வதை எந்தப் பயிற்சிக் களத்திலும் பார்க்கலாம்.

தொடங்கும் முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்கு வேட்டையைத் தடை செய்கிறது. அங்கே இருப்பவர்கள் இக்கட்டுரையை இலக்குப் பயிற்சிக்கான குறிப்பாகவே கொள்ள வேண்டும். இதில் சொல்லப்படுபவை, வில் வேட்டைக்குத் தனிப் பருவமும் உரிமமும் உள்ள அமெரிக்காவில், வெள்ளைவால் மானை 20 கஜத்துக்கு உட்பட்ட தொலைவிலிருந்து எய்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. விஸ்கான்சின் மாநிலம் 1934-இல் வில்லுக்கென்று மான் வேட்டைப் பருவத்தைத் திறந்த பிறகு மற்ற மாநிலங்களும் அவ்வழியில் வந்தன. இழுவிசையின் கீழ்வரம்பு, வெட்டுமுனையின் (கூரிய அலகுள்ள வேட்டை முனையின்) அகலம், வேட்டைக் கல்விச் சான்றிதழ் போன்றவற்றில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி உண்டு. அவ்வாண்டுக்கான விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டே பொருள் வாங்க வேண்டும்.

எடுத்துக்காட்டுகள் அனைத்தும் வலக்கையால் நாணை இழுப்பவருக்கானவை. இடக்கையால் இழுப்பவர் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் படிக்கவும்.

முதலில் உங்கள் இழுநீளம்

வில்லின் மீது 50@28 என்று எழுதியிருந்தால், 28 அங்குலம் இழுக்கும்போது அந்த வில் 50 பவுண்டு விசை தரும் என்று பொருள். நீங்கள் 28 அங்குலம் இழுக்கிறீர்களா என்பது வேறு கேள்வி. நெடுவில் எய்பவர்களில் பலர் முழங்கையைச் சற்று மடக்கி, முன்னோக்கிக் குனிந்து நிற்பதால், காம்பவுண்ட் வில்லில் இழுத்ததைவிட ஓர் அங்குலமாவது குறைவாகவே இழுக்கிறார்கள். நீளமான அம்பு ஒன்றைப் பூட்டி, இலக்கின் முன் நின்று, வழக்கம்போல் முழுதும் இழுங்கள். பக்கத்தில் நிற்கும் நண்பர், வில்லின் முதுகுப் பக்கம், அதாவது உங்களை நோக்காத பக்கம், அம்பின் மீது எங்கே வருகிறதோ அங்கே பேனாவால் கோடு போடட்டும். நாண் அமரும் பள்ளத்திலிருந்து அந்தக் கோடு வரையுள்ள நீளமே உங்கள் இழுநீளம். ஒரு தடவை அளந்தால் போதாது. உடல் சூடேறிய பிறகும், களைத்த பிறகும் அளந்து நடுவான அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தொங்குதராசு ஒன்றால் அந்த நீளத்தில் வில்லின் விசை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று பவுண்டு குறையும். 50@28 என்ற வில்லை 27 அங்குலம் இழுப்பவரின் கையில் இருப்பது உண்மையில் 47 அல்லது 48 பவுண்டு வில்தான்.

அம்புத் தண்டு உங்கள் இழுநீளத்தைவிடக் குறைந்தது ஓர் அங்குலம் நீண்டிருக்க வேண்டும். வேட்டையில் இந்த விதிக்கு விலக்கே இல்லை. தண்டு குட்டையாக இருந்தால், முழு இழுப்பில் சவரக்கத்தி போன்ற வெட்டுமுனை வில்லைப் பிடித்த கையின் விரலுக்கு மேல் வந்து நிற்கும்.

ஸ்பைன்: எல்லாம் இதில்தான் இருக்கிறது

அம்பு வில்லைவிட்டு நேர்கோட்டில் வெளியேறுவதில்லை. நாண் விரல்களிலிருந்து உருண்டு விடுபடும்போது சிறிது பக்கவாட்டில் விலகுகிறது. பின்னாலிருந்து வரும் திடீர் உந்தலில் தண்டு வளைகிறது. வளைந்த தண்டு எதிர்ப்பக்கம் மீண்டு வளைவதற்குள் அதன் நடுப்பகுதி வில்லைச் சுற்றிக் கடந்துவிடுகிறது. அடுத்த வளைவில் இறகுள்ள வால்பகுதியும் வில்லைத் தொடாமல் விலகிப் போகிறது. இடப்பக்கம் நோக்கி நின்ற அம்பு இலக்கின் நடுவில் சென்று குத்துவது இதனால்தான். வில்லாளியின் முரண்பாடு என்று ஆங்கிலத்தில் பெயர் பெற்ற இந்த நிகழ்வை, 1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மன் போன்ற இயற்பியலாளர்கள் அதிவேகப் படச்சுருளில் பதிவு செய்து காட்டினார்கள்.

தண்டு எவ்வளவு வளையும் என்ற அளவே ஸ்பைன். மரத் தண்டுக்கு இதை அளக்கும் முறை பழையது: 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகளின் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, எத்தனை அங்குலம் தொய்கிறது என்று பார்த்து, 26-ஐ அந்த எண்ணால் வகுக்கிறார்கள். 0.52 அங்குலம் தொய்ந்தால் அது 50 பவுண்டு ஸ்பைன். கார்பன், அலுமினியத் தண்டுகளுக்கு இடைவெளி 28 அங்குலம், எடை 1.94 பவுண்டு, தொய்வையே ஆயிரத்தில் ஒரு பங்காக எழுதுவார்கள். 500 என்று அச்சிட்ட கார்பன் தண்டு அரை அங்குலம் தொய்யும். 400 அதைவிட விறைப்பானது, 600 அதைவிடத் துவளக்கூடியது. மரத்தில் எண் கூடினால் விறைப்பு கூடும், கார்பனில் எண் கூடினால் விறைப்பு குறையும் என்பதைப் புதியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; இரண்டு அளவுகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு வாங்கக் கூடாது.

மேசையில் அளந்த ஸ்பைன் ஒன்று. எய்யும்போது தண்டு காட்டும் விறைப்பு வேறொன்று. ஒரே தண்டை நீளமாக விட்டால் அதிகம் துவளும், வெட்டிக் குறைத்தால் விறைக்கும். முன்னால் கனமான முனையை மாட்டினால் துவளும், இலேசான முனையை மாட்டினால் விறைக்கும். நீளாத நவீன இழையால் திரித்த நாண், பழைய டாக்ரான் நாணைவிட வேகமாக உந்துவதால், அதே அம்பு அதில் மேலும் துவளும். தட்டின் பக்கச்சுவர் நடுக்கோட்டை எவ்வளவு நெருங்கி வெட்டப்பட்டிருக்கிறதோ அவ்வளவு விறைப்பான அம்பை வில் ஏற்கும். நடுக்கோட்டுக்கு வெளியே நிற்கும் நெடுவில், அதே விசையுள்ள, நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லைவிட 5 முதல் 10 பவுண்டு குறைந்த ஸ்பைனையே கேட்கும். கடையில் தொங்கும் அட்டவணைகள் பெரும்பாலும் காம்பவுண்ட் அல்லது ரிகர்வ் வில்லுக்காகப் போடப்பட்டவை. அவற்றை அப்படியே நம்பி வாங்கும் நெடுவில்காரர் தம் வில்லுக்கு அதிக விறைப்பான அம்போடு வீடு திரும்புகிறார். என் பார்வையில், புதியவர்கள் செய்யும் தேர்வுப் பிழைகளில் முக்கால்வாசி இதுதான்.

மரத் தண்டுக்குத் தோராயமான கணக்கு ஒன்று உண்டு. உங்கள் இழுநீளத்தில் வில் தரும் உண்மையான விசையிலிருந்து தொடங்குங்கள். தண்டு 28 அங்குலத்தைத் தாண்டும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 5 பவுண்டு கூட்டுங்கள். முனையின் எடை 125 கிரெய்னை (7000 கிரெய்ன் ஒரு பவுண்டு) தாண்டும் ஒவ்வொரு 25 கிரெய்னுக்கும் 3 முதல் 5 பவுண்டு கூட்டுங்கள். நவீன நாணாக இருந்தால் ஒரு 5 பவுண்டு கூட்டி, தட்டு நடுக்கோடு வரை வெட்டப்படாத நெடுவில்லுக்காக 5 முதல் 10 பவுண்டு கழியுங்கள். மேலே சொன்ன 48 பவுண்டு வில்லில் 29 அங்குலத் தண்டும் 125 கிரெய்ன் முனையும் டாக்ரான் நாணும் என்றால், 48-உடன் 5 சேர்த்து 53, அதிலிருந்து 5 முதல் 10 கழித்தால் 43 முதல் 48 வரை வரும். 45-50 என்று குறித்த மரத் தண்டுகளிலிருந்து தொடங்கலாம். கார்பனில் அதே வில்லுக்கு 500-ஐ 30 அங்குலத்துக்குக் குறையாமல் விட்டு, முன்னால் 200 கிரெய்ன் அளவுக்குக் கனம் ஏற்றித் தொடங்குவது வழக்கம்; அப்படியும் விறைப்பாக நின்றால் 600-ஐப் பார்க்க வேண்டும். இவை சோதனையைத் தொடங்குவதற்கான இடங்கள் மட்டுமே.

ஆகவே ஒரு டஜன் வாங்காதீர்கள். அடுத்தடுத்த மூன்று ஸ்பைன்களில் இரண்டிரண்டு தண்டுகளை மட்டும் முழு நீளத்தில் வாங்குங்கள். பாரம்பரிய வில் பொருள் விற்பவர்கள் இதற்கென்றே சோதனைத் தொகுப்பு வைத்திருப்பார்கள்.

மரமா, அலுமினியமா, கார்பனா

நெடுவில் என்றால் மர அம்புதான் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. அந்த ஆசையைப் புரிந்துகொள்ள முடிகிறது. தென்மேற்கு ஒரிகானிலும் அதை ஒட்டிய கலிபோர்னியாவிலும் வளரும் போர்ட் ஆர்ஃபோர்ட் செடார் மரத்தைத் தண்டாக இழைக்கும்போது எழும் இஞ்சி கலந்தாற்போன்ற காரமணத்தை ஒருமுறை முகர்ந்தவர் எளிதில் மறப்பதில்லை. அது நேரான இழையுள்ள, இலேசான, வளைந்தாலும் உடனே மீளும் மரம். டக்ளஸ் ஃபிர் அதைவிடக் கனமும் உறுதியும் கொண்டது. சிட்கா ஸ்புரூஸ் இலேசாக இருந்தும் தாங்கும். வேட்டை விசைகளுக்கு 11/32 அங்குல விட்டமுள்ள தண்டே பொதுவானது. அதிக விசைக்கு 23/64.

மரத் தண்டைக் கையில் எடுத்தால் முதலில் இழையைப் படிக்க வேண்டும். தண்டை மெல்ல உருட்டினால் எதிரெதிரான இரு பக்கங்களில் இழைக்கோடுகள் தண்டு நெடுக இணையாக ஓடும். மற்ற இரு பக்கங்களில் அவை தண்டின் மேற்பரப்பை வெட்டி வெளியேறி, நீண்ட கூர்ங்கோணங்களாகத் தெரியும். இணையாக ஓடும் கோடுகள் உள்ள பக்கமே விறைப்பானது; அதுதான் வில்லின் பக்கச்சுவரைப் பார்த்திருக்க வேண்டும். ஆகவே அம்பின் வாலில் நாண் அமரும் பகுதியான 'நாக்'கின் (nock) பிளவை இழைக்குக் குறுக்காக அமைத்து ஒட்டுகிறார்கள். கூர்ங்கோணங்கள் இருக்கும் பக்கத்தில், மேலே வரும் கோணங்கள் முன்னோக்கி இருக்கும்படி வையுங்கள். எப்போதாவது தண்டு உடைந்தால் சிம்பு கையை நோக்கி வராமல் விலகிப் போகும். இழை ஓரிடத்தில் தண்டின் குறுக்கே சட்டென்று வெளியேறுவதாகத் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் அதை எய்யக் கூடாது.

மரத்தின் சிக்கல், ஒரே கட்டிலுள்ள பன்னிரண்டு தண்டுகளும் ஒரே எடையில் இருப்பதில்லை என்பது. தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, ஒன்றுக்கொன்று 10 கிரெய்னுக்குள் நிற்பவற்றை மட்டும் வேட்டைக்கு ஒதுக்குங்கள். ஈரத்தில் மரம் வளையும். வார்னிஷ் நன்றாகப் பூசிக் காயவைத்தாலும் அவ்வப்போது கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, மேடான இடத்தை உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி நிமிர்த்த வேண்டியிருக்கும்.

அலுமினியத் தண்டுகளில் அளவு எண்ணிலேயே இருக்கிறது. 2016 என்றால் வெளிவிட்டம் 20/64 அங்குலம், சுவர்க்கனம் 16/1000 அங்குலம். ஒன்றுக்கொன்று எடையிலும் நேராக இருப்பதிலும் வேறுபாடே தெரியாத அளவுக்கு ஒத்திருக்கும், விலையும் குறைவு. ஆனால் கல்லில் பட்டால் வளைந்துவிடும். கார்பன் வளையாது, ஒன்று நேராக இருக்கும், அல்லது உடையும். அதனால் கார்பன் தண்டை ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்னும் இரு கைகளாலும் சற்றே வளைத்து, திருகி, காதருகே கொண்டுவந்து, நெறிபடும் ஒலி வருகிறதா என்று கேட்பது கட்டாயம். விரிசலுற்ற கார்பன் நாணின் உந்தலில் சிதறி முன்கையில் பாயும்.

என் பரிந்துரை: முதல் ஆண்டில் அலுமினியமோ கார்பனோ வைத்துப் பழகுங்கள். திருகு முனைகளை மாற்றி மாற்றிச் சோதிக்க முடிவதால், நீளமும் கனமும் அம்பின் போக்கை எப்படி மாற்றுகின்றன என்பதைக் கண்ணால் கண்டு கற்கலாம். அந்தப் பாடம் படிந்தபின் மரத்துக்கு வருபவருக்கு வீணாகும் மரம் குறைவு.

எடை எவ்வளவு வேண்டும்

அம்பின் எடையையும் கிரெய்னில்தான் சொல்வார்கள். வேட்டைக்கு, வில்லின் ஒவ்வொரு பவுண்டு விசைக்கும் 9 முதல் 11 கிரெய்ன் என்ற கணக்கில் முழு அம்பின் எடை இருப்பது நல்லது. 48 பவுண்டு வில்லுக்கு 430 முதல் 530 கிரெய்ன் வரை என்று ஆகிறது. 8 கிரெய்னுக்குக் கீழே போவதைப் பல வில் தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை. இலேசான அம்பு எடுத்துக்கொள்ளாத ஆற்றல் வில்லின் கிளைகளுக்குள்ளேயே திரும்பி அவற்றைச் சேதப்படுத்தும். கனமான அம்பால் வில்லின் ஓசையும் குறைகிறது. 15 கஜத்தில் நிற்கும் மான் நாணின் ஒலி கேட்டுக் கீழே குனிவதற்குள் அம்பு சென்று சேர வேண்டும் என்றால் வேகத்தைவிட அமைதி பெரிதும் உதவும்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முனையோடு சேர்த்து அம்பை விரல்மேல் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் காணுங்கள். 29 அங்குலத் தண்டில் அது நாக் பள்ளத்திலிருந்து 18 அங்குலத்தில் வந்தால், நடுவான பதினான்கரையிலிருந்து மூன்றரை அங்குலம் முன்னால் இருக்கிறது; அதாவது நீளத்தில் 12 விழுக்காடு. 10 முதல் 15 விழுக்காடு வரை நன்றாகப் பறக்கும். ஆப்பிரிக்காவில் பெரிய விலங்குகளில் அம்பின் ஊடுருவலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த எட் ஆஷ்பியின் முடிவுகளைப் படித்தவர்கள் இதைவிட மிக அதிகமாக முன்பாரம் ஏற்றுவார்கள். எல்க் என்னும் பெரிய மான் போன்ற கனமான எலும்புள்ள விலங்குக்கு அது நியாயம். வெள்ளைவால் மானுக்குக் கூர்மையான முனையும் நேரான பறத்தலும் இருந்தால் போதும் என்பதே என் கருத்து. ஆடிக்கொண்டு போகும் 650 கிரெய்ன் அம்பைவிட நேராகப் போகும் 480 கிரெய்ன் அம்பு ஆழமாக இறங்கும்.

சோதனைக்கு முன் வில்லை ஒழுங்குபடுத்துதல்

அம்பைச் சோதிக்கும் காலம் முழுவதும் வில் மாறாமல் இருக்க வேண்டும். நாணுக்கும் கைப்பிடியின் அடிப்பள்ளத்துக்கும் இடையிலான உயரம் பெரும்பாலான நெடுவில்களில் 6 முதல் 8 அங்குலத்துக்குள் இருக்கும். செய்தவர் சொன்ன வரம்புக்குள் நாணை முறுக்கியும் தளர்த்தியும், அதிர்வும் ஓசையும் குறைவான இடத்தில் நிறுத்தி, அந்த அளவைக் கைப்பிடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். புது நாண் சில நாட்கள் நீளும். அது அடங்கும் வரை சோதனையைத் தொடங்க வேண்டாம்.

தட்டின் மீது மெல்லிய தோலோ வெல்குரோவின் மென்பக்கமோ ஒட்டுங்கள். பக்கச்சுவரிலும் ஒரு தோல் துண்டு வேண்டும். அதன் கனம் பின்னால் பயன்படும்: கனமான தோல் அம்பை நடுக்கோட்டிலிருந்து வெளியே தள்ளுவதால் துவளும் அம்பு சற்று விறைத்தது போல நடக்கும், மெல்லிய தோல் எதிர்விளைவு தரும்.

நாக், நாணை மெதுவாகக் கவ்வ வேண்டும். அம்பைப் பூட்டி வில்லைத் தரை நோக்கித் தொங்கவிட்டால் அம்பு விழக் கூடாது. நாணை விரலால் ஒருமுறை தட்டினால் விழ வேண்டும். நாணில் அம்பு பூட்டும் இடத்தை டி வடிவ மட்டக்கோலால் குறித்து, தட்டுக்குச் செங்குத்தான மட்டத்திலிருந்து 5/8 முதல் 3/4 அங்குலம் வரை மேலே, பல் இடுக்கு நூலாலோ பித்தளைக் கவ்வியாலோ தற்காலிகமாகக் கட்டுங்கள்; இதுவே நாண்குறி. வேண்டுமென்றே சற்று உயரமாகத் தொடங்குவதற்குக் காரணம் கீழே வருகிறது.

இறகில்லாத அம்பு சொல்லும் உண்மை

இறகு, அம்பின் தவறுகளைத் திருத்திவிடுகிறது. ஆகவே அவற்றை மறைத்தும் விடுகிறது. இறகு ஒட்டாத தண்டை எய்தால் தவறு அப்படியே தெரியும். ஒரே ஸ்பைனில் இறகு ஒட்டியவை மூன்று, ஒட்டாதவை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இறகுகளின் எடை சுமார் 10 கிரெய்ன். ஒட்டாத தண்டின் வாலில் அதே எடைக்கு டேப் சுற்றினால் ஒப்பீடு நியாயமாக இருக்கும். மென்மையான நுரை இலக்கை 10 கஜத்தில் வைத்து, பின்னால் நல்ல தடுப்போடு, ஒரே புள்ளியைப் பார்த்து எல்லாவற்றையும் எய்யுங்கள். மரத் தண்டைச் சாய்வாகக் குத்தவிட்டால் முனைக்குப் பின்னால் ஒடியும். ஆகவே மரத்துக்கு இன்னும் அருகிலிருந்து தொடங்குவது நல்லது.

முதலில் மேல்கீழைச் சரிசெய்ய வேண்டும். இறகில்லாத அம்பு கீழே குத்தி வால் மேலே தூக்கி நின்றால் நாண்குறி உயரமாக இருக்கிறது என்று பொருள். 1/16 அங்குலமாகக் கீழிறக்கிக்கொண்டே வாருங்கள். இறகுள்ளவற்றின் உயரத்திலேயே இறகில்லாதவையும் குத்தும் இடத்தில் நிறுத்துங்கள். தாழ்வாகத் தொடங்கினால் ஒரு பொறி உண்டு: வால் தட்டில் இடித்து எகிறும், அப்போதும் வால் மேலே தூக்கியே தெரியும், நாண்குறி உயரம் என்று எண்ணி மேலும் இறக்குபவர் குழப்பத்தில் மேலும் ஆழமாகச் சிக்குவார். உயரத்திலிருந்து இறங்கி வருபவருக்கு இந்தக் குழப்பம் நேராது.

அடுத்து இடவலம். இறகில்லாதவை இறகுள்ளவற்றுக்கு இடப்புறம் குத்தினால் தண்டு விறைப்பு. வலப்புறம் குத்தினால் துவளல். இலக்கில் அம்பு எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதைவிட எங்கே குத்தியது என்பதையே நம்புங்கள், ஏனெனில் பழைய நுரையிலுள்ள கிழிசல்கள் சாய்வை மாற்றிவிடும். ஒன்றிரண்டு அம்புகளை வைத்தும் முடிவெடுக்கக் கூடாது; விரலை விடுவதில் வரும் சிறு பிழையும் விறைப்பு போலவோ துவளல் போலவோ தோற்றம் காட்டும். அன்றைக்கு உங்கள் எய்தல் சீராக இல்லை என்றால் சோதனையை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள்.

விறைப்பாக இருந்தால் முதலில் முனையின் எடையைக் கூட்டுங்கள்: 125 போய் 150, பிறகு 175. அதிலும் சரிவராவிட்டால் அடுத்த துவளலான ஸ்பைனுக்கு மாறுங்கள். துவண்டால், தண்டைப் பின்பக்கம் கால் அங்குலமாக வெட்டி வெட்டிச் சோதியுங்கள். மாற்றம் படிப்படியாகத் தெரிந்து, திடீரென்று இறகில்லாதவை குழுவுக்குள் வந்து சேரும். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் சற்றே துவளும் தண்டிலிருந்து தொடங்கி நெருங்கி வருவதே அறிவுள்ள வழி. இழுநீளத்துக்கு மேல் ஓர் அங்குலம் என்ற எல்லை வந்தும் துவண்டால் நிறுத்திவிட்டு விறைப்பான ஸ்பைனை எடுங்கள்.

பலரை ஏமாற்றும் ஒரு நிலை உண்டு. தண்டு மிக அதிகமாகத் துவண்டால் அதன் வால்பகுதி வில்லின் பக்கச்சுவரில் அறைந்து எதிர்ப்பக்கம் தெறித்து, இடப்புறம் குத்தும். பார்ப்பவருக்கு விறைப்பு போலத் தோன்றும். முனை எடையைக் கூட்டக் கூட்ட நிலைமை மோசமானால் சந்தேகப்படுங்கள். பக்கச்சுவர்த் தோலிலும் தண்டின் பின்பகுதியிலும் டால்க் பவுடரைத் தூவி எய்தால், எங்கே உரசுகிறது என்பது பவுடர் கலைந்த இடத்தில் தெளிவாகத் தெரியும். எய்யும்போது 'டக்' என்ற கூடுதல் ஒலியும் கேட்கும்.

10 கஜத்தில் ஒத்துவந்ததும் 15, பிறகு 20 கஜத்துக்குப் பின்வாங்குங்கள். 20 கஜத்தில் இறகில்லாதவை குழுவுக்குச் சில அங்குலத்துக்குள் நின்றால் போதும். கடைசி அரை அங்குலத்தைத் துரத்திக்கொண்டு வாரங்களைச் செலவிட வேண்டியதில்லை.

இறகு

தட்டின் மேலேயே எய்யும் வில்லுக்கு வான்கோழி இறகுதான் வேண்டும். இறகுக்குப் பதிலாக ஒட்டும் பிளாஸ்டிக் தகடு (வேன்) தட்டில் பட்டால் மடங்காமல் அம்பையே தள்ளிவிடும். இறகு படிந்து விலகும். இடச்சிறகு இறகுகளையும் வலச்சிறகு இறகுகளையும் ஒரே அம்பில் கலக்கக் கூடாது. எந்தச் சிறகு என்பது பெரிய வேறுபாடு தராது, ஆனால் இறகு ஒட்டும் கருவியின் (ஜிக்) கவ்வி அதே சிறகுக்கானதாக இருக்க வேண்டும். வெட்டுமுனை பொருத்தும் அம்புக்கு 5 அங்குல இறகு மூன்றைச் சற்றுச் சுருள்சாய்வாக ஒட்டினால் அம்பு விரைவில் சுழன்று நிலைப்படும். நனைந்த இறகு படிந்துவிடும்; மழைக்காலத்தில் நீர்விலக்கிப் பொடி தடவலாம்.

வெட்டுமுனையோடு கடைசிச் சோதனை

வேட்டை அம்பு விலங்கை வீழ்த்துவது இரத்த இழப்பால். மொண்ணையான முனையோடு காட்டுக்குள் போக யாருக்கும் உரிமை இல்லை. நெடுவில்லின் ஆற்றலுக்கு இரண்டு அலகுள்ள, அசையும் பாகமற்ற வெட்டுமுனையே பொருத்தம்; இயங்கு அலகுகள் விரிவதற்கே ஆற்றலை உண்டுவிடும். பல மாநிலங்களில் குறைந்தபட்ச வெட்டகலம் 7/8 அங்குலம். ஒருபக்கச் சாணை பிடித்த அலகை வாங்கினால், அதன் சாய்வு இறகின் சுழற்சித் திசையோடு ஒத்திருக்க வேண்டும்: வலச்சிறகு இறகுக்கு வலச்சாய்வு. எடை, நீங்கள் இசைவித்த பயிற்சிமுனையின் எடையேதான்.

மரத் தண்டில் முனை பொருந்தும் இடத்தை 5 பாகையிலும் 'நாக்' பொருந்தும் இடத்தை 11 பாகையிலும் கூம்பாகச் சீவி, சூட்டுப் பசையால் முனையை ஒட்டுவார்கள். ஒட்டிய கையோடு முனையின் நுனியைக் கண்ணாடி போன்ற தட்டையான தளத்தில் நிறுத்தி அம்பைப் பம்பரம் போலச் சுழற்றுங்கள். முனையும் தண்டும் சேரும் இடத்தில் சிறு அதிர்வு தெரிந்தாலும் பசையை மீண்டும் சூடாக்கி முனையைச் சற்றுத் திருப்பி ஒட்ட வேண்டும். கோணலான வெட்டுமுனை காற்றில் தானே ஒரு சிறகாகி அம்பை இழுத்துக்கொண்டு போகும். அதை எந்த இறகும் முழுதாகத் திருத்தாது.

பிறகு வெட்டுமுனைக்கென உள்ள நுரை இலக்கில், 20 கஜத்தில், பயிற்சிமுனை அம்புகளையும் வெட்டுமுனை அம்புகளையும் கலந்து எய்யுங்கள். வெட்டுமுனைகள் கூட்டமாக இடப்புறம் போனால் அம்பு விறைப்பு, வலப்புறம் போனால் துவளல். தோலின் கனத்தையோ நாண்குறியையோ மிகச் சிறிதளவு மாற்றினாலே பெரும்பாலும் இரண்டும் ஒன்று சேரும். சிதறிப் போனால் சிக்கல் ஸ்பைனில் இல்லை. முனைகள் கோணலா, அல்லது விரல் விடுப்பில் தடுமாற்றமா என்று பாருங்கள். சோதனையில் நுரையைக் கிழித்த முனைகள் மொண்ணையாகிவிடும். அவற்றைப் பயிற்சிக்கென்று ஒதுக்கி, அரத்தாலும் சாணைக்கல்லாலும் முன்கை மயிரை மழிக்கும் அளவுக்குத் தீட்டிய வேறு முனைகளை வேட்டைக்கு வையுங்கள். முனைகளை முழுதும் மூடும் தூணியில் அல்லாமல் வேறெதிலும் தூக்கக் கூடாது.

பருவம் திறப்பதற்கு முந்தைய வாரங்களில், குளிருக்கு அணியப்போகும் அதே கனமான மேலங்கியோடும், மரத்தின் மேல் அமரும் மேடையில் உட்கார்ந்து எய்வதாக இருந்தால் அதே உயரத்திலிருந்தும் எய்து பாருங்கள். தடித்த சட்டை நாணைத் தடுக்கும், இழுநீளத்தை அரை அங்குலம் குறைக்கும். அதனால் வில்லின் விசை குறைந்து, கோடையில் ஒத்துவந்த அம்பு இப்போது சற்று விறைப்பாக நடந்து இடப்புறம் போகலாம். அப்படிப் போனால் சட்டைக் கையைக் கைக்காப்பால் இறுக்கிக் கட்டி முதலில் எய்து பாருங்கள்; அதன் பிறகும் மாறாவிட்டால் மட்டும் பக்கச்சுவர்த் தோலை மெல்லியதாக மாற்றுங்கள்.